பணமா, இடமா, வேலையா? அகதிகளை ஏற்ற நாடு எதைக் கேட்டு வாங்க வேண்டும்

சண்டை மூண்டதும் ஓடுகிறவர்கள் அதிக தூரம் ஓடுவதில்லை. இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை. பக்கத்து நாட்டு எல்லை வரைக்கும்தான் கால் தாங்கும். 2024 முடிவில் உலகில் சுமார் 4 கோடியே 27 லட்சம் அகதிகள் இருந்தார்கள். எல்லை தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டிலேயே தங்கியிருந்தார்கள். நூற்றுக்கு 73 பேர் இருந்தது ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும். யார் பார்த்துக்கொள்வது என்று பேச மாநாடு கூடுவதற்குள் வரைபடமே பதில் சொல்லிவிடுகிறது. 2014இல் லெபனானில் பதிவான சிரிய அகதிகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. அந்த நாட்டின் சொந்தக் குடிமக்களே நாற்பது லட்சத்துச் சொச்சம்தான்.

சட்டமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. வாசலில் வந்து நிற்கிற அகதியை என்ன செய்ய வேண்டும் என்பதை 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் 33ஆம் பிரிவு. ஆனால் எங்கோ தொலைவில் இருக்கிற பணக்கார நாட்டின் கடமை என்ன? சில நாடுகள்மேல் அளவுக்கு மீறிய பாரம் விழலாம், ஒத்துழைப்பு இல்லாமல் இது தீராது என்று முகவுரையில் ஒரு வரி வருகிறது. அத்தோடு சரி. பக்கத்து நாட்டுக்குச் சட்டக் கடமை, தூரத்து நாட்டுக்கு நல்ல மனசு என்று ஆகிவிட்டது. 2018 டிசம்பரில் ஐநா பொதுச்சபை அகதிகளுக்கான உலக உடன்பாடு ஒன்றை நிறைவேற்றியது. 181 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்காவும் ஹங்கேரியும் எதிர்த்து வாக்களித்தன. அதுவும் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. மனமிருந்தால் செய்யலாம்.

இந்த விவாதத்தைப் பெரும்பாலும் பணக்கார நாட்டின் நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுகிறோம். எத்தனை பேரை ஏற்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று. நான் எதிர் நாற்காலியிலிருந்து பார்க்கிறேன். ஒரு நடுத்தர ஏழை நாடு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் போர், ஆறே மாதத்தில் பத்து லட்சம் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அதன் அமைச்சர் ஜெனீவாவுக்குப் போகிறார். மேசையில் ஐந்து தாள்கள். ஒன்றில் பணம். ஒன்றில் மீள்குடியேற்ற இடங்கள். ஒன்றில் எல்லா நாடுகளுக்குமான ஒதுக்கீட்டுச் சூத்திரம். ஒன்றில் வேலையும் வர்த்தகச் சலுகையும். ஐந்தாவது கொஞ்சம் விநோதமானது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எதில் கையெழுத்துப் போடுவது?

ஒவ்வொரு தாளையும் நான் ஒரே கேள்வியால்தான் சோதிக்கிறேன். மூன்று வருடம் கழித்து, கேமராக்கள் வேறு போருக்குப் போய்விட்ட பிறகு, அந்தப் பணக்கார நாட்டில் ஆட்சியும் மாறிவிட்ட பிறகு, கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றாமல் போனால் இந்த அமைச்சரின் கையில் என்ன மிஞ்சும்?

பணம்

கேட்பதற்கு எளிது, கொடுப்பதற்கும் எளிது. ஒரே டாலரால் ஏழை நாட்டில் நிறையப் பேரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது உண்மை. மக்களும் மொழி புரிகிற, ஊர் திரும்ப வாய்ப்புள்ள தூரத்தில் இருப்பார்கள். கணக்கில் குறை சொல்ல இடமில்லை. பணம் எப்படி வருகிறது, எப்படி நிற்கிறது என்பதில்தான் எல்லாம்.

உகாண்டாவைப் பாருங்கள். அகதிகளுக்கு வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் உரிமை தருகிறது அதன் 2006ஆம் ஆண்டுச் சட்டம். குடியிருப்புப் பகுதிகளில் வீடு கட்டிக்கொள்ளவும் பயிரிடவும் ஒரு துண்டு நிலமும் கிடைக்கும். 2016 ஆகஸ்டில் தென்சூடான் எல்லைக்கு அருகே பிடிபிடி என்ற இடத்தைத் திறந்தார்கள். அதே டிசம்பரில் இனி இடமில்லை என்று நிறுத்தினார்கள். அதற்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துவிட்டார்கள். நாலு மாதத்தில் ஒரு நகரம். உலகமே பாராட்டியது. 2017 ஜூனில் கம்பாலாவில் ஐநா பொதுச் செயலாளரே வந்து உட்கார்ந்து ஒரு ஒற்றுமை மாநாடு நடந்தது. கேட்டது 200 கோடி டாலர். கிடைத்த வாக்குறுதி சுமார் 36 கோடி. மறு வருடம் கைரேகை வைத்துத் தலைக்கணக்கு எடுத்தபோது, 14 லட்சம் என்று சொல்லப்பட்டவர்கள் 11 லட்சம்தான் என்று தெரிந்தது. ஏற்கெனவே கையை இறுக்கியிருந்த நன்கொடையாளர்களுக்கு அது நல்ல சாக்காகவும் போயிற்று.

நிலம் கொடுத்தாயிற்று, அதைத் திரும்பப் பெற முடியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு மேல் உட்கார்ந்தாயிற்று. பணம் மட்டும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறது. இப்படி நடப்பதற்கு அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. ஐநா அகதிகள் ஆணையத்துக்கு ஐநாவின் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து வருவது மிகச் சொற்பம். மீதி அத்தனையும் நாடுகள் வருடா வருடம் தாமாகக் கொடுப்பது. அதிலும் பெரும்பகுதியை இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு மட்டும் என்று முத்திரை குத்தித்தான் தருகிறார்கள். 2024இல் தேவை என்று அது கேட்ட தொகையில் வந்து சேர்ந்தது பாதியைத் தாண்டவில்லை.

அந்தப் பற்றாக்குறையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமானால் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்குப் போக வேண்டும். 2017 ஆகஸ்டிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து அங்கே ஓடி வந்தார்கள். முன்பே இருந்தவர்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட பத்து லட்சம். 2023 தொடக்கத்தில் ஒருவருக்கு மாதம் 12 டாலருக்கு ரேஷன். மார்ச்சில் அது 10 ஆனது, ஜூனில் 8. மாதத்துக்கு 8 டாலர் என்றால் நாளைக்கு 27 சென்ட். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் அதற்குள். வெளியே போய் வேலை செய்து ஈடுகட்டலாம் என்றால் அவர்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை, முகாமைச் சுற்றி முள்வேலி. பிறகு தொகையை ஏற்றினார்கள் என்பது வேறு விஷயம். எங்கோ ஒரு தலைநகரத்தில் பட்ஜெட்டில் ஒரு வரி குறைந்தால் அந்தக் குடிசையில் முட்டை நின்றுபோகிறது.

பணத்தை உறுதியாகக் கட்டி வாங்கிய நாடும் உண்டு, துருக்கி. 2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் போட்ட ஏற்பாட்டில் 600 கோடி யூரோ. உச்சத்தில் 36 லட்சம் சிரியர்களுக்கு மேல் வைத்திருந்த நாடு அது. அந்தப் பணத்தில் பிடித்த திட்டம் ஒன்று எனக்கு உண்டு. அகதிக் குடும்பத்துக்கு ஒரு வங்கி அட்டை, தலைக்கு மாதம் 120 லிரா. எதை வாங்குவது என்பது அவர்கள் பாடு. மூட்டை மூட்டையாகப் பொருளை இறக்குவதைவிட இது எவ்வளவோ கண்ணியம். 15 லட்சம் பேருக்கு மேல் எட்டியது. ஆனால் துருக்கிக்குப் பணம் கிடைத்ததற்குக் காரணம் ஈகை அல்ல. 2015இல் எட்டரை லட்சம் பேர் ஏஜியன் கடலைத் தாண்டி கிரேக்கத்தில் இறங்கியிருந்தார்கள். கதவுச் சாவி துருக்கியிடம் இருந்தது. 2020 பிப்ரவரியில் அது கதவைத் திறந்தும் காட்டியது. ஆயிரக்கணக்கானவர்கள் கிரேக்க எல்லை வேலிக்கும் கண்ணீர்ப்புகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். உகாண்டாவிடம் அப்படி ஒரு கதவு இல்லை. அதனால் அதற்குக் கிடைத்தது கைதட்டல்.

இன்னும் இரண்டு பொடி எழுத்துகளை அமைச்சர் படித்தாக வேண்டும். ஒன்று, கொடுப்பது மானியமா கடனா. தான்சானியா 2018 தொடக்கத்தில் அகதிகளுக்கான புதிய ஐநா ஏற்பாட்டிலிருந்தே விலகியது. அதற்குச் சொன்ன காரணங்களில், அகதிகளைப் பார்ப்பதற்காக நாங்கள் உலக வங்கியில் கடன்பட வேண்டுமா என்பதும் ஒன்று. நியாயமான கோபம். விருந்தாளிக்குச் சமைக்க வீட்டுக்காரரிடமே வட்டிக்குக் கொடுப்பது போல இருக்கிறது. இரண்டாவது, உதவித்தொகை என்று அறிவிக்கிற பணம் உண்மையில் எங்கே செலவாகிறது. தன் மண்ணுக்கு வந்த அகதிக்கு முதல் 12 மாதம் செய்கிற செலவை, பணக்கார நாடு தன் வெளிநாட்டு உதவிக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. 2023இல் பணக்கார நாடுகளின் மொத்த உதவியில் 14 சதவீதம் அளவுக்கு இப்படி அவர்கள் வீட்டுக்குள்ளேயே நின்றது. பிரிட்டனில் 2022இல் அது கால் பங்கையும் தாண்டியது. ஏழை நாட்டுக்குப் போவதாக எழுதிய பணம் பிரிட்டிஷ் ஓட்டல் அறைகளின் வாடகையானது.

ஆக, பணம் கட்டாயம் வேண்டும். வருடாந்திரப் பணம் ஆபத்து. கடன் என்றால் வேண்டாம்.

இடங்கள்

மீள்குடியேற்றம் என்றால், ஏழை நாட்டில் இருக்கிற அகதியைப் பணக்கார நாடு நேரடியாக விமானத்தில் அழைத்துப்போய்க் குடியேற்றுவது. போனவர் போனவர்தான். வாக்கு மாறினாலும் அவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். என் சோதனையில் இந்தத் தாள் நன்றாகத் தேறுகிறது. நடந்ததை யாரும் அழிக்க முடியாது.

வேகமாகவும் நடந்திருக்கிறது. 1956இல் ஹங்கேரியிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் பேர் தப்பினார்கள், அதில் 1,80,000 பேர் ஆஸ்திரியாவுக்கு. அடுத்த வருடத்துக்குள் பெரும்பாலானவர்களை முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பிரித்து எடுத்துக்கொண்டன. கம்யூனிச நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் வரவேற்பு இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இன்றைய நிலவரம் என்ன? 2025இல் மீள்குடியேற்றம் தேவைப்படுகிறவர்கள் 29 லட்சம் என்று ஐநா மதிப்பிட்டது. 2024இல் போய்ச் சேர்ந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. மேலும் இந்தக் கடையில் பெரிய வாடிக்கையாளராக இருந்தது ஒருவர்தான், அமெரிக்கா. 2016 நிதியாண்டில் அது சுமார் 85,000 பேரை எடுத்தது. 2020இல் 12,000க்கும் குறைவு. 2024இல் ஒரு லட்சம். 2025 ஜனவரியில் புதிய அதிபர் பதவியேற்ற நாளிலேயே திட்டத்தை நிறுத்திவைத்தார். விமானச் சீட்டு கையில் இருந்தவர்களின் பயணமும் ரத்தானது. வீட்டை ஒழித்து, சாமானை விற்று, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பெட்டி கட்டிக் காத்திருந்த குடும்பங்கள் அவை.

ஒரு நாட்டின் தேர்தலை நம்பிப் பத்து லட்சம் பேரின் எதிர்காலத்தை வைக்க முடியாது. கனடாக்காரர்கள் இதற்கு ஒரு பாதி மருந்து கண்டுபிடித்தார்கள். அரசு மட்டும் அழைக்காமல், ஐந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பத்தை அழைக்கலாம். ஒரு வருடத்துக்கு வாடகை, சாப்பாடு, குளிர்காலக் கோட்டு, பள்ளிச் சேர்க்கை எல்லாம் அந்த ஐந்து பேர் பொறுப்பு. 1979இலும் 1980இலும் வந்த 60,000 இந்தோசீன (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அகதிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்தார்கள். அதன்பின் இந்த வழியில் வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அரசு மாறினாலும், விமான நிலையத்தில் கோட்டோடு காத்திருந்தவர் மாறுவதில்லை. எதிர்ப்பு அரசியலுக்கு அதைவிடப் பெரிய தடுப்பூசி கிடையாது என்று நான் நினைக்கிறேன். அங்கேயும் 2024 இறுதியில் விண்ணப்பங்கள் மலைபோலத் தேங்கி, ஐவர் குழுக்களின் புதிய மனுக்களை நிறுத்திவைத்தார்கள். அந்த மலை எதைக் காட்டுகிறது? அழைக்க ஆள் இருக்கிறது, அனுமதி எண்ணிக்கைதான் இல்லை.

மீள்குடியேற்றத்தில் இன்னொரு முள். யாரை எடுப்பது என்பதைத் தேர்வு செய்வது பணக்கார நாடு. படித்தவர், மொழி தெரிந்தவர், சின்னக் குடும்பம் என்று பொறுக்கினால், முகாமில் இருந்த ஆசிரியரும் செவிலியரும் போய்விடுவார்கள். ஏழை நாட்டிடம் மிஞ்சுவது யாரும் எடுக்காதவர்கள். எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது, எவர் என்றும் எழுதி வாங்க வேண்டும்.

சூத்திரம்

ஒரு காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. மக்கள்தொகை இவ்வளவு, வருமானம் இவ்வளவு, ஆகவே உன் பங்கு இவ்வளவு. சண்டை இல்லை, கணக்கு மட்டும். ஜெர்மனிக்குள் இது தினமும் நடக்கிறது. கோனிக்ஸ்டைன் சூத்திரம் என்று பெயர். மூன்றில் இரண்டு பங்கு வரி வருவாயை வைத்தும், ஒரு பங்கு மக்கள்தொகையை வைத்தும் ஒவ்வொரு மாநிலத்தின் சதவீதத்தை வருடாவருடம் கணக்கிடுகிறார்கள். பெரிய மாநிலமான நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவுக்கு நூற்றுக்கு 21 பேர், சின்ன பிரேமனுக்கு ஒருவர். புகலிடம் கேட்டு வருகிறவரைக் கணினி அதன்படி அனுப்புகிறது. மாநிலங்கள் முணுமுணுக்கும், ஆனால் ஏற்கும்.

அதே சூத்திரத்தை எல்லை தாண்டி எடுத்துப்போனதும் என்ன ஆயிற்று? 2015 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் இருந்து 1,60,000 பேரை மற்ற உறுப்பு நாடுகளுக்குப் பிரிக்க முடிவெடுத்தது. மக்கள்தொகைக்கு 40, மொத்த உற்பத்திக்கு 40, முன்பு ஏற்றவர்களுக்கு 10, வேலையின்மைக்கு 10 என்று அழகான கணக்கு போட்டிருந்தார்கள். இரண்டு வருடக் கெடு முடிந்து பார்த்தால் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 35,000. ஹங்கேரியும் போலந்தும் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் நீதிமன்றம் போய் 2017இல் தோற்றன. தோற்றும் ஒன்றும் மாறவில்லை. 2020இல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் சட்டத்தை மீறின என்று அதே நீதிமன்றம் சொன்னபோது, திட்டமே முடிந்து போயிருந்தது.

ஒரே சந்தை, ஒரே நீதிமன்றம், ஒரே நாடாளுமன்றம் என்று இருக்கிற இடத்திலேயே இப்படி. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, வடத்தை இழுக்காமல் சும்மா தொட்டுக்கொண்டு நடக்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். உலக அளவில் இதைச் செய்ய எந்த நீதிமன்றம் இருக்கிறது?

ஒதுக்கீட்டை வாங்கவும் விற்கவும் விட்டால் என்ன என்று யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பீட்டர் ஷக் 1997இல் ஒரு யோசனை சொன்னார். ஆளை ஏற்க மனமில்லாத நாடு, ஏற்கிற இன்னொரு நாட்டுக்குப் பணம் கொடுத்துத் தன் கடமையைத் தீர்த்துக்கொள்ளலாம். மனிதர்களைச் சந்தைச் சரக்காக்குகிறார் என்று கடுமையான விமர்சனம் வந்தது. எனக்கும் முதலில் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் 2024 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய புதிய ஒப்பந்தத்தில் ஏறத்தாழ அதே வாசனை இருக்கிறது. உறுப்பு நாடு ஆளை ஏற்கலாம், அல்லது வேறு வகையில் உதவலாம், அல்லது ஏற்காத ஒவ்வொருவருக்கும் 20,000 யூரோ கட்டலாம். சுவாரசியமான எண். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழை நாட்டு அமைச்சருக்கு இந்தத் தாளால் பயன் குறைவு. உலகச் சூத்திரம் ஒன்று வரும் என்று காத்திருந்தால் முகாமில் பிறந்த குழந்தைக்குக் கல்யாண வயது வந்துவிடும். கென்யாவின் தடாப் முகாம் 1991இல் தொடங்கியது. அங்கே பிறந்தவர்களுக்கு இப்போது அங்கேயே பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வேலை

2016 பிப்ரவரியில் லண்டன் மாநாட்டில் பணக்கார நாடுகள் ஜோர்டானுடன் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி எல்லோரும் ஆர்வமாகப் பேசினார்கள், நானும் உட்பட. பிச்சை வேண்டாம், வியாபாரம் கொடுங்கள் என்ற தன்மானம் அதில் இருந்தது. ஜோர்டான் 2 லட்சம் சிரியர்களுக்கு வேலை வாய்ப்பு தரும். பதிலுக்கு, 18 தொழில் மண்டலங்களில் 52 வகைப் பொருட்களைச் செய்கிற தொழிற்சாலைகள், தொழிலாளர்களில் 15 சதவீதம் சிரியர்களை வைத்தால், எளிய விதிகளில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யலாம். கூடவே மலிவு வட்டிக் கடனும் மானியமும்.

முதல் இரண்டு வருடத்தில் இந்தச் சலுகையைப் பயன்படுத்தி ஏற்றுமதி செய்த நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏன்? ஒரு தையல் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜோர்டானில் அந்த ஆலைகளை ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் தெற்காசியாவிலிருந்து வந்த இளம் பெண்கள். ஆலையை ஒட்டிய விடுதியில் தங்குகிறார்கள், ஓவர்டைம் செய்கிறார்கள். அதே வேலைக்கு ஒரு சிரியத் தாயை அழைக்கிறார்கள். அவர் இருக்கிற ஊரிலிருந்து மண்டலத்துக்குப் பஸ்ஸில் போக வர மணிக்கணக்காகும். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. குறைந்தபட்சக் கூலியில் பஸ் காசு போக மிஞ்சுவதில்லை. பெர்மிட் எடுத்து வேலைக்குச் சேர்ந்தால் ஐநா தருகிற உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. அவர் போகவில்லை. அவருடைய கணவருக்கோ கட்டட வேலையும் பண்ணை வேலையும் தெரியும், அந்த வேலைகள் மண்டலத்துக்கு வெளியே இருந்தன. ஒப்பந்தத்தை எழுதியவர்கள் ஏற்றுமதிப் பொருட்களின் பட்டியலைத்தான் பார்த்தார்கள், பஸ் நேரத்தைப் பார்க்கவில்லை.

இருந்தாலும் ஒரு நன்மை நிலைத்தது. பண்ணையிலும் கட்டடத்திலும் அதுவரை திருட்டுத்தனமாக வேலை செய்த பல்லாயிரம் பேருக்குப் பெர்மிட் கிடைத்தது. போலீஸைக் கண்டால் ஓட வேண்டியதில்லை, கூலியை ஏமாற்றினால் கேட்கலாம். வர்த்தகச் சலுகை பெரிதாகப் பலிக்காவிட்டாலும் வேலை உரிமை பலித்தது. கொலம்பியா இதை இன்னும் துணிச்சலாகச் செய்தது. 2021 பிப்ரவரியில் அங்கிருந்த சுமார் 17 லட்சம் வெனிசுவேலா மக்களுக்குப் பத்து வருடத் தற்காலிகப் பாதுகாப்பை அறிவித்தது. அடையாள அட்டை, வேலை, மருத்துவம், பள்ளி.

வேலை உரிமையைக் கொடுப்பது ஏழை நாடு, கொடுத்தால் பயன் தொடர்வதும் அங்கேதான். பணக்கார நாடு வாக்கு மாறினாலும் சம்பாதிக்கிற கை சம்பாதித்துக்கொண்டே இருக்கும். அமைச்சரின் சங்கடம் உள்ளூரில்: நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லை என்று குரல் வரும். அந்தக் குரலைக் கேலி செய்யக் கூடாது. அதற்கு விலை உண்டு, அந்த விலையைத்தான் பணத் தாளில் கேட்க வேண்டும். பள்ளிக்கு இன்னொரு கட்டடம், ஆஸ்பத்திரிக்கு இன்னொரு வார்டு, தண்ணீர்க் குழாய். அகதிக்கும் உள்ளூர்க்காரருக்கும் சேர்த்து.

ஐந்தாவது தாள்

உங்களிடம் வந்தவர்களுக்கு உதவுகிறோம் என்று சொல்லாமல், எங்களிடம் வந்தவர்களையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பணம் தருகிறோம் என்கிறது இது. பொறுப்புப் பகிர்வு என்ற பெயரிலேயே வரும். ஆஸ்திரேலியா நவ்ரு என்ற குட்டித் தீவு நாட்டிலும் பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவிலும் இதைச் செய்தது. மானுஸில் அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே 2016இல் சொன்னது. நவ்ருவில் இருந்த அகதிகளை ஏற்க ஆஸ்திரேலியா கம்போடியாவுக்கு 2014இல் கோடிக்கணக்கில் பணம் ஒப்புக்கொண்டது. அங்கே போகச் சம்மதித்தவர்கள் பத்துப் பேரைத் தாண்டவில்லை. புகலிடம் கேட்டு வந்தவர்களை ஆப்பிரிக்காவின் ருவாண்டாவுக்கு அனுப்பும் பிரிட்டனின் திட்டம் 2022இல் வந்தது, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2024இல் புதிய அரசு கைவிட்டது. 70 கோடி பவுண்டு செலவானதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அதுவரை போனவர்கள் நான்கு பேர், அவர்களும் தாமாக ஒப்புக்கொண்டு போனவர்கள். பணம் வருகிறது என்பதற்காக இதில் கையெழுத்துப் போடுகிற அமைச்சர், மற்ற நான்கு தாள்களின் பேரப் பலத்தையும் இழப்பார். ஆளை ஏற்காமல் காசால் முடித்துவிடலாம் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சரி, எதில் கையெழுத்து?

ஒரே ஒரு முறை இந்தப் பேரம் பெரிய அளவில் பலித்திருக்கிறது. 1979இல் வியட்நாமிலிருந்து படகுகள் வந்துகொண்டே இருந்தன. ஜூன் இறுதியில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து, எங்கள் தாங்கும் சக்தி தீர்ந்தது, இனி ஒருவரையும் இறக்க விடமாட்டோம் என்று அறிவித்தன. படகுகளைக் கடலுக்கே திருப்பித் தள்ளினார்கள், ஆட்கள் செத்தார்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அடுத்த மாதம் ஜெனீவாவில் மாநாடு கூடியது. பணக்கார நாடுகளின் மீள்குடியேற்ற வாக்குறுதி 1,25,000 இடங்களிலிருந்து 2,60,000க்கு உயர்ந்தது. 16 கோடி டாலர் பணமாகவும் பொருளாகவும் வந்தது. பதிலுக்குக் கரைகள் தற்காலிகமாகத் திறந்தன.

அந்தப் பேரம் நிலைத்ததற்குக் காரணம், ஒரு பக்கம் நின்றால் மறுபக்கமும் நின்றுவிடும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. இங்கிருந்து ஆள் விமானம் ஏறினால் அங்கே படகு கரையேறும். குறையும் இருந்தது. முகாமுக்குப் போனால் அமெரிக்கா போகலாம் என்ற நம்பிக்கையே புதிய படகுகளை இழுத்தது. பத்து வருடம் கழித்து, 1989இல், வந்தவர்களைச் சலித்து, அகதி அல்ல என்று கருதப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பும் கசப்பான திட்டத்தில் போய் முடிந்தது. ஆனாலும் அதற்குள் லட்சக்கணக்கானவர்களுக்கு வீடு கிடைத்துவிட்டது.

அதனால் அமைச்சருக்கு நான் சொல்வது: வேலை உரிமையை முதலில் நீங்களே அறிவியுங்கள், யாரிடமும் கேட்காமல். அது உங்கள் கையில் இருக்கிற சீட்டு, யாரும் பறிக்க முடியாதது. அப்புறம் மீள்குடியேற்றம். உங்களிடம் இருப்பவர்களில் இத்தனை பேர், நோயாளிகளும் பெரிய குடும்பங்களும் உட்பட, முதல் 18 மாதத்துக்குள் விமானம் ஏற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒரு அமெரிக்கத் தேர்தலுக்கும் அடுத்ததற்கும் இடையில் முடிகிற காலம் அது. பல நாடுகளிடம் சிறிது சிறிதாக வாங்குங்கள், ஒருவரிடம் மொத்தமாக வேண்டாம். சூத்திரத் தாளில் கையெழுத்துப் போடலாம், நஷ்டமில்லை, ஆனால் அதை நம்பி ஒரு செங்கல்லும் எடுத்துவைக்க வேண்டாம். ஐந்தாவது தாளைத் தொட வேண்டாம்.

பணத்தில்தான் நீண்ட பேரம். பத்து வருடத்துக்கு, மானியமாக, முத்திரை குத்தாமல், முதல் இரண்டு வருடத் தொகை முன்கூட்டியே ஒரு கணக்கில் வந்து நிற்க வேண்டும் என்று கேளுங்கள். எவ்வளவு கேட்பது என்ற தயக்கம் வரும். காக்ஸ் பஜாரில் ஒருவருக்கு வருட ரேஷன் 96 டாலருக்கு இறங்கிய உலகம் இது. அங்கிருந்து பேச்சைத் தொடங்கினால் அங்கேயே முடியும். ஒரு அகதியைத் தான் ஏற்காமல் பக்கத்து நாட்டிடம் விடுவதற்கு என்ன விலை என்று ஐரோப்பியர்கள் தங்களுக்குள்ளேயே சட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். தலைக்கு 20,000 யூரோ. அந்த முட்டை இல்லாத ரேஷனை இருநூறு வருடத்துக்கு வாங்கலாம் அதில். அந்தப் பக்கத்தை நகலெடுத்து மேசைமேல் வையுங்கள், பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.